காப்பித் தோட்டத்து வௌவால்கள்

குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் வழிநெடுகக் காப்பித் தோட்டங்கள்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. காப்பி விளையும் மலைகளில், பழம் சிவக்கும் மாதங்களில் விடியற்காலையில் தோட்டத்துக்குள் நடந்தால், பெரிய மரங்களின் கிளைகளுக்கு நேர் கீழே ஒன்றைப் பார்க்கலாம். தோல் உரிந்து, இனிப்புச் சதை முழுக்க உறிஞ்சப்பட்டு, வெளுத்த ஓட்டோடு காப்பிக் கொட்டைகள் கொத்தாகக் கிடக்கும். பக்கத்திலேயே மென்று துப்பிய அத்திப்பழச் சக்கை. இரவு வந்துபோன பழந்தின்னி வௌவாலின் வேலை அது. சிறிய பழந்தின்னிகள் பழத்தைப் பறித்த இடத்தில் தின்பதில்லை. வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்து, தலைகீழாகத் தொங்கியபடி சாற்றைக் குடித்துவிட்டு மிச்சத்தைத் துப்பிவிடும். அத்தியும் ஆலும் நாவலும் ஊர்விட்டு ஊர் போய் முளைப்பதில் பழந்தின்னிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரவில் பூக்கும் இலுப்பைக்கும் இலவமரத்துக்கும் மகரந்தம் சுமப்பதும் இவைதான்.

பழந்தின்னியாவது கண்ணில் படும். பூச்சி தின்னும் சின்ன வௌவால்களின் உழைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்தில் செடிகளுக்கு இரவில் மட்டும் வலை போட்டு, வௌவால் நெருங்காமல் தடுத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அந்தச் செடிகளில் பூச்சிகளும் அவற்றின் இனத்தவையும் 84 விழுக்காடு பெருகின. 2008இல் வெளிவந்த ஆய்வு இது. மருந்தடிக்கிற செலவைக் கணக்குப் பார்க்கும் எந்தத் தோட்டக்காரரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் வால்பாறை மலையில் நடந்த ஆய்வுகள் சொல்வது இன்னும் நெருக்கமான சேதி. நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தில் காட்டு வௌவால்கள் பலவும் தாக்குப்பிடிக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் அப்படியில்லை. ஆக, வௌவாலைக் காப்பது என்பது முதலில் மரத்தைக் காப்பதுதான். பலாவையும் அத்தியையும் வெட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏற்றவும் பிறகு மரமாக விற்கவும் வசதி என்று சில்வர் ஓக்கை மட்டும் வரிசையாக நடும்போது, வௌவாலுக்கு அங்கே தின்னப் பழமும் இல்லை, பகலில் தொங்க அடர்ந்த கிளையும் இல்லை.

காப்பித் தோட்டத்துக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருமையான சாட்சி உண்டு. 1948இல் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில், காப்பித் தோட்டத்தில் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னியைப் பிடித்தார். சாதாரண வகை என்று நினைத்து அதைப் பம்பாய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, உலகம் அதுவரை அறியாத தனிப் பேரினம் என்று அறிவித்து, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்.

அதே 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமோ, பழந்தின்னிகளை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லை தரும் உயிர்கள் பட்டியலில் வைத்தது. அதாவது, யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஐம்பது வருடம் நீடித்த இந்த அநியாயம் 2022 திருத்தத்தில்தான் போனது. அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. 2025 ஜூலையில், இதே சேலம் மாவட்டத்தின் டேனிஷ்பேட்டை வனப்பகுதியில் பழந்தின்னிகளைச் சுட்டு, கோழிக்கறி என்று சொல்லி விற்றதாக இருவர் வனத்துறையிடம் பிடிபட்டார்கள். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி மருந்து என்ற நம்பிக்கையும் ஊருக்கு ஊர் இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. பெரிய பழந்தின்னி ஆண்டுக்கு ஒரே குட்டிதான் போடும். குட்டியை நெஞ்சோடு கவ்வவைத்து, சிறகால் போர்த்திக்கொண்டு தொங்கும் தாயைச் சுட்டால் போவது இரண்டு உயிர்.

பழந்தின்னிகளிடமிருந்து பரவக்கூடிய நிபா வைரஸ் பற்றிய பயம் நியாயமானதே. கேரளத்தில் 2018இல் அதனால் பதினேழு பேர் இறந்ததை யாரும் மறக்க முடியாது. தற்காத்துக்கொள்ளும் வழி எளிது: கடிபட்ட பழத்தைத் தின்னக் கூடாது, வௌவாலைப் பிடிக்கவோ கறியாக்கவோ கூடாது, அது தங்கும் மரத்தைக் கலைக்கக் கூடாது. வேட்டைக்காரர் ஆபத்தை வீட்டுக்கே கொண்டுவரக்கூடும்.

கோவை மாவட்டம் கிட்டாம்பாளையத்து மக்கள் தங்கள் ஊர் மரங்களில் தங்கும் வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கொட்டச்சேட்டுத் தோட்டக்காரர்களிடம் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. அடுத்த முறை நிழல் மரங்களைக் கழிக்க ஆள் விடும்போது, அந்தப் பழைய அத்தியையும் ஆலையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.