சீனர் கடைப் பன்னும் அம்மாவின் காப்பியும்

தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நம் தந்தையர் பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்தார்கள். நம் தம்பிமார்களோ இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சென்று குடித்தனம் நடத்துகிறார்கள். அவ்வாறு சென்றவர்கள் பெற்றோரை அழைப்பதும், பெற்றோர் ஏதேனும் சாக்குச் சொல்லி மறுப்பதும் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் நடந்து வருகிற சங்கதி. பாஷை தெரியாது என்பார்கள். முழங்கால் வலி என்பார்கள். உள்ளபடி தடையாக நிற்பது பெரும்பாலும் சாப்பாடுதான். மூன்று வேளையும் மருமகள் சமைத்துப் போட்டால் அவளுக்குப் பாரம். வெளியில் உண்ணலாமென்றால் எதில் எது கலந்திருக்குமோ என்ற அச்சம். வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் தாயாரின் நிலையும் இதுவே. தந்தையார் காலமானபின் அம்மா என்னுடன் இருக்கிறார். சிங்கப்பூரில் உத்தியோகத்திலிருக்கும் என் தம்பி, “ஆண்டில் சில மாதமாவது இங்கே வந்து இரும்மா” என்று ஓயாமல் அழைத்துக் கொண்டிருந்தான். சென்ற ஆண்டு டிசம்பரில், இலாகா அனுமதி பெற்று, இருபது நாள் விடுப்பில் அம்மாவை நானே அழைத்துச் சென்றேன். பழகிவிட்டால் அங்கே இருப்பார், இல்லையேல் இனி அந்தப் பேச்சே எழாது என்பது சகோதரர் இருவருக்கும் தெரிந்திருந்தது.

தம்பி குடியிருப்பது அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடியில், ஒன்பதாம் மாடி. 1960-இல் அமைக்கப்பட்ட அக்கழகத்தின் வீடுகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வசிக்கின்றனர். தம்பியும் அவன் மனைவியும் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவார்கள். முதல் ஐந்து நாட்கள் அம்மா தயிர்சாதத்தையே உண்டு, சன்னல் வழியே கீழே பார்த்துக் கொண்டிருந்தார். ஆறாம் நாள், “டிக்கெட்டை முன்னாலே மாத்த முடியுமாடா?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

அந்தக் கட்டடத்தின் கீழேயே ஒரு காப்பிக் கடையும், அதை ஒட்டிச் சீனத் தம்பதிகள் நடத்தும் சிறு ரொட்டிக் கடையும் இருந்தன. மறுநாள் மாலை அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். உள்ளே வர அவருக்கு மனமில்லை, வாசற்படியிலேயே நின்றார்.

நமக்குப் பேக்கரி புதிதன்று. கேரளத்தில் பேக்கரி இல்லாத முச்சந்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பிய மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் தலச்சேரியில் பிஸ்கோத்துத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். 1883-இல் மர்டாக் பிரௌன் என்னும் தோட்டத் துரை சீமையிலிருந்து வந்த கேக்கு ஒன்றைக் கொடுத்து, “இதேபோல் செய்” என்றாராம். பாப்பு அந்த நாட்டில் கிடைத்த பழத்தையும் சாராயத்தையும் சேர்த்தே கேக்குச் செய்து துரையை மகிழ்வித்தார் என்பது மலையாள நாடறிந்த கதை. அக்குடும்பத்தார் பின்னர் பல ஊர்களிலும் கடை பரப்பினர். நம்மூர்ச் சாந்தா பேக்கரியும் அந்த வழியில் வந்ததே. இவ்வளவு இருந்தும் அம்மாவுக்கு முட்டை சேராத ஐயங்கார் பேக்கரிப் பண்டங்கள் மட்டுமே ஆகும்.

சீனர் கடையின் ஒழுங்கு வேறு. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் பண்டங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வாசலில் ஒரு தட்டையும் இடுக்கியையும் எடுத்துக் கொண்டு வேண்டியதை நாமே எடுத்துக் கொள்ள வேண்டும். பணம் கொடுக்குமிடத்தில் அவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையிலிட்டுத் தருவார்கள். பேரமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பன் ஒன்று ஏறத்தாழ ஒன்றரை வெள்ளி. வெள்ளி என்பது அங்குள்ள தமிழர் டாலருக்கு இட்ட பெயர். நம் பணத்தில் ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல் என்பதால், ஒவ்வொரு பன்னையும் எடுக்கும்போது குமாஸ்தாவாகிய என் மனம் பெருக்கல் கணக்குப் போட்டது.

முட்டைப்பாகு நிரப்பிய சிறு கிண்ண வடிவப் பணியாரம், காகிதத்தில் பொதிந்த கேக்கு, பன்றியிறைச்சி வைத்த பன், இனிப்புத் தேங்காய்ப் பன் எல்லாம் இருந்தன. ‘அன்னாசிப் பன்’ என்ற ஒன்றில் அன்னாசி துளியும் கிடையாது. மேலோட்டின் வெடிப்புகள் அப்பழத்தின் தோலைப் போலிருப்பதால் வந்த பெயர். நான் ஆபீஸ் சிற்றுண்டிச் சாலையிலேயே முட்டைக்குப் பழகியவன். அம்மாவுக்கும் அது தெரியும். தெரியாததுபோல் இருந்து வருகிறார்.

கடைக்கார அம்மாள் வாசலில் நின்ற என் தாயாரைக் கவனித்து, “ஆண்ட்டி, வெஜிடேரியன்?” என்று கேட்டாள். அந்நாட்டில் வயது முதிர்ந்த பெண்கள் அனைவரும் ஆண்ட்டிகளே. பிறகு அவளே இடுக்கியை எடுத்து, ஆவியில் வெந்த வெள்ளைப் பன் ஒன்றைக் காட்டி, “முட்டை இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை” என்று ஆங்கிலத்திலும் கைச்சாடையிலும் விளக்கினாள். தானும் அன்று சைவந்தான், வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது என்றாள். அன்று பௌர்ணமி. சீனருக்கு மாதம் பிறப்பது அமாவாசையில். பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். பௌத்த மரபைப் பேணும் சீனர் பலர் அவ்விரு நாட்களிலும் புலால் உண்பதில்லை. வெங்காயமும் பூண்டும் விலக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. இதை நான் எடுத்துச் சொன்னதும் அம்மா, “பூண்டுமா கிடையாது? நம்ம ஏகாதசி மாதிரில்லா இருக்கு!” என்றார். படி தாண்டி உள்ளே வந்து விட்டார்.

அந்தப் பன்னைப் பிட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது சிவப்புப் பயற்றுப் பூரணம். பயற்றை வேகவைத்து மசித்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறியது. நம்மூர்த் தேநீர்க் கடைச் சுகியனில் சிறுபயறும் வெல்லமும் இருப்பது போலத்தான். பயறு மட்டும் வன்பயற்றுக்கு உறவு. மேல்மாவு கோதுமை, மூங்கில் தட்டில் இட்லிபோல் ஆவியில் வேகிறது. “கொழுக்கட்டைக்குச் சட்டை மாத்திப் போட்டிருக்காங்க” என்பது அம்மாவின் தீர்ப்பு.

அடுப்பில் சுடும் பன்னும் பஞ்சுபோல் மிருதுவாக இருப்பதற்கு ஒரு காரணமுண்டு. பல கடைகளில் மாவில் ஒரு பங்கை ஐந்து பங்கு நீரில் கரைத்து, 65 பாகை சூடு வரும்வரை கிளறிக் கூழாக்கி, ஆறியபின் மற்ற மாவுடன் பிசைகிறார்கள். கூழான மாவு நீரைப் பிடித்து வைத்துக் கொள்வதால் பன் இரண்டு மூன்று நாள் வரண்டு போவதில்லை. ஜப்பானியர் வழக்கமொன்று தைவான் வழியாகப் பரவி இவ்வாறு வந்ததென்பர். நம் அண்டை வீட்டு மலையாளப் பெண்கள் பாலப்பத்துக்கு அரிசித் தரியைக் காய்ச்சி மாவில் சேர்ப்பார்களே, அதன் சூட்சுமமும் இதுதான். ‘கப்பி காச்சுதல்’ என்று அதற்குப் பெயர்.

பன்னுக்குப் பிறகு காப்பி. பக்கத்துக் கடைக்காரர் ஹைனான் தீவினர். அத்தீவினர் சிங்கப்பூருக்குச் சற்றுப் பிந்தி வந்தவர்கள். வாணிகம் முழுதும் பிற சீனர் கையில் இருந்தமையால் வெள்ளையர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாக அமர்ந்தார்கள். அங்கே ரொட்டியும் காப்பியும் கற்றுக் கொண்டு பின்னர்த் தமக்கெனக் கடை வைத்தார்கள். இன்று பல நாடுகளில் கிளைகளுள்ள ‘யா குன்’ என்னும் கடை 1944-இல் ஒரு ஹைனான்காரர் தொடங்கிய சிறு காப்பிக் கடையே. அங்கே ரொட்டிக்குத் தடவித் தரும் ‘காயா’ என்பது தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் ரம்பை இலையும் சேர்த்துக் கிளறியது. அந்த இலை நம்மூரில் பிரியாணிக் கைதை. வாசனை அபாரம், ஆனால் முட்டை உண்டு என்பதைச் சைவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

காப்பிக்கொட்டையை அவர்கள் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்துக் கறுக வறுக்கிறார்கள். சிக்கரி கலந்து குடிக்கும் நாம் அதைப் பழிப்பதற்கில்லை. தூளை நீண்ட துணிப்பையிலிட்டு, கொதிநீர் ஊற்றி உயரத்திலிருந்து வடிக்கும் காட்சியில் அம்மா மெய்ம்மறந்து நின்றார். பித்தளைப் பில்டர் வருமுன் தம் பாட்டி துணியில்தான் வடிகட்டினாராம். வெறுமனே ‘கோப்பி’ என்று கேட்டால் கெட்டிப்பால் விட்டுத் தித்திப்பாக வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாமல் சர்க்கரையுடன். ‘கோப்பி சி’ என்றால் இனிப்பில்லாத டப்பாப் பாலும் சர்க்கரையும். எதனுடனும் ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இல்லை. கோசோங் மலாய்ச் சொல். ‘வெறுமை’ என்று பொருள். சர்க்கரை நோயுள்ள நம் பெரியோர் முதலில் கற்க வேண்டிய அயல்மொழிச் சொல் இதுவே. சுவையில் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள் கோபுரத்து இந்தியன் காப்பி ஹௌஸின் காப்பியைவிட அது கனம். மணத்தில் நம்முடையதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

சீனரை அயலார் என்று நாம் எண்ணுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. கொல்லத்திலும் கோழிக்கோட்டிலும் பதினான்காம் நூற்றாண்டில் சீனக் கப்பல்கள் நின்றதை இபன் பதூதா எழுதியிருக்கிறார். நம் வீட்டுச் சீனச்சட்டியும் ஊறுகாய்ச் சீனபரணியும் எங்கிருந்து பெயர் பெற்றன? சீனத்துச் சுவான்ச்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் அமைத்த தமிழ் வணிகர் வைத்தது. அவர்கள் அங்கே என்ன உண்டார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

நிற்க. செல்லவிருக்கும் அன்பர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைக் கூறுவேன். ஹலால் முத்திரை உள்ள கடையில் பன்றிக் கொழுப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முட்டையும் இறைச்சியும் இருக்கலாம். சீனச் சைவக் கடைகளில் சிலவற்றின் பலகையில் ஸ்வஸ்திக் குறியைக் காணலாம். அங்கே கோழிபோலும் மீன்போலும் சமைத்து வைத்திருப்பவை சோயாவும் கோதுமைச் சத்துமே. பார்த்துத் திடுக்கிட வேண்டாம். பயற்றுப் பன்னாயினும் பழைய முறையில் சிலர் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. கேட்டே வாங்க வேண்டும். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக் கொள்வதில்லை.

அதன்பின் அம்மா தினமும் மாலை நான்கு மணிக்குத் தாமே மின்தூக்கியில் இறங்கத் தொடங்கினார். கடைக்கார அம்மாளைத் தமிழில் ‘தங்கச்சி’ என்றழைத்தார். அவள் சீனத்தில் ஏதோ சொல்வாள். எட்டு நாளில் இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக் கொண்டது எப்படி என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. டிக்கெட்டை மாற்றும் பேச்சு மறுபடி எழவில்லை.

தம்பி மனைவிக்குச் சித்திரையில் பிரசவம். மூன்று மாதம் உடனிருக்க அம்மா சம்மதித்திருக்கிறார். அதற்குமேல் அங்கே தங்குவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சென்ற ஞாயிறன்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, பெரிய எழுத்தில் சில சொற்களைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ‘தெலூர்’ என்றால் முட்டை; ‘பாபி’ என்றால் பன்றி; ‘கோப்பி சி கோசோங்’. நான்காவதாக, கடைக்கார அம்மாளின் பேரனுக்கு என்ன வயது என்று கேட்பதற்கு எப்படிச் சொல்வது என்றார். அதைத் தம்பியிடம் விசாரித்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.