ராபர்ட் வைட்டின் தாவரப் படங்கள்

ஒரு பூவைப் பறித்து நோட்டுப் புத்தகத்தினுள் வைத்து அழுத்தியிருப்பீர்கள். சில நாட்கள் கழித்துத் திறந்தால் நிறம் மங்கி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தாவரவியலாருக்கு இது பெரிய தொல்லை. உலர்ந்த செடியிலிருந்து உயிருள்ள செடியின் தோற்றத்தை அறிவது எளிதன்று. இத்தொல்லையோடு ஆயுள் முழுவதும் போராடியவர் ராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796-ஆம் ஆண்டு பிறந்த இவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடிகளைத் தேடினார். 1831-இல் விடுப்பில் தாயகம் சென்றபோது அவர் கொண்டுசென்ற உலர்செடிகள் சுமார் ஒரு லட்சம்; எடை 2 டன்! அவற்றை ஆராய்ந்து, வாக்கர் ஆர்னாட் என்னும் நண்பருடன் சேர்ந்து 1834-இல் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

ஆனால் அந்நூலில் சொற்கள்தாம் இருந்தன. ஐரோப்பாவில் இருப்பவர் ஐயம் வந்தால் அங்குள்ள உலர்செடித் தொகுப்புகளை எடுத்துப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் இருப்பவர் எங்கே போவார்? படம் வேண்டும், அதுவும் மலிவாக வேண்டும் என்று வைட் எண்ணினார். அதற்குக் கல்லச்சு முறை கைகொடுத்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவார்கள். கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டினால், மை ஈரத்தில் ஒட்டாது. பசையுள்ள கோடுகளில் மட்டும் ஒட்டும். பிறகு தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான். வைட் இத்தொழிலைத் தாமே கற்றுக்கொண்டார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த 'ஐக்கோனெஸ்' என்னும் அவரது பெருநூலில் 2,101 படங்கள் உள்ளன.

இதற்கிடையே கம்பெனி அவரிடம் வேறொரு வேலையையும் ஒப்படைத்தது. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுச் சோதனை செய்தார். கம்பெனி எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற வைட், 1872-இல் காலமானார். குக்குலு மரத்தின் அறிவியல் பெயரான 'கமிஃபோரா வைட்டியை' அவரை நினைவூட்டுகிறது.

சரி, அத்தனை படங்களையும் வரைந்தவர் யார்? முதலில் ரங்கையா, பின்னர் கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். மகரந்தப்பை, சூலகம் முதலியவற்றை அறுத்துப் பெரிதாக்கிக் காட்டும் படங்களையும் வரைந்த கைகள் அவை. வைட் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் 'கோவிந்தூயா' என்றே பெயர் சூட்டினார். பிற்காலத்தார் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆனால் அவ்வோவியர்கள் வரைந்த மூலப் படங்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவை எடின்பரோ தாவரவியல் பூங்காவில் காக்கப்படுகின்றன. 'ஐக்கோனெஸ்' நூலின் படங்கள் பலவற்றின் அடியில், சிறிய எழுத்தில், அவ்விருவர் பெயர்களையும் காணலாம்.