தொடர்வினையும் துணைவினையும்: சித்தூர் வட்டார இருமொழியாளர் ஆங்கிலம் கற்றல்

1. முன்னுரை

ஆங்கிலம் கற்கும் தென்னிந்திய மாணவரிடம் ஒரு முரண் காணப்படுகிறது. 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்', 'இன்வெஸ்டிகேட்' ஆகிய சொற்களின் பொருளை அவர் தயக்கமின்றிக் கூறுவார். அவற்றுக்கு ஈடாக ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்', 'லுக் இன்டு' என்பவற்றில் தடுமாறுவார். நூல்வழிச் சொல் எளிதாகவும் நாள்வழக்குச் சொல் அரிதாகவும் அவருக்கு அமைந்துவிடுகின்றன.

இதன் விளைவு சிறிதன்று. திருப்பதியில் நடைபெறவிருந்த நேர்முகத் தேர்வு ஒன்று 'புட் ஆஃப்' செய்யப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது எனக் கொள்வோம். 'சுவிட்ச் ஆஃப்' என்பதை மட்டும் அறிந்த மாணவர், தேர்வே நின்றுபோயிற்று என்று கருதி ஊர் திரும்பக்கூடும். 'கால் ஆஃப்' என்று அறிவித்திருந்தால் அவர் கொண்ட பொருள் சரியாகும். முன்னது ஒத்திவைத்தல், பின்னது கைவிடுதல். மறு நாளில் அவர் தேர்வுக்கு வாராமைக்குக் காரணம் பாட அறிவின் குறைவு அன்று. ஒரு தொடரின் பொருள் அறியாமையே.

வினையும் இடைச்சொல்லும் இணைந்து ஒரு பொருள் தரும் இத்தகைய அமைப்பு இங்குத் தொடர்வினை என்று குறிக்கப்படுகிறது. தமிழிலும் தெலுங்கிலும் உள்ள துணைவினை அமைப்பைக் கொண்டு இதனை எந்த அளவுக்குக் கற்பிக்கலாம், எங்கே அவ்வழி பயன்படாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொழிச் சூழல்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் உள்ள புத்தலப்பட்டும் அதன் சுற்றுப்புறமும் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் அது ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. 1960இல் எல்லைச் சீரமைப்பின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மக்களின் இருமொழி வழக்கு மாறவில்லை. வீட்டில் தமிழும், பள்ளியிலும் அலுவலகத்திலும் தெலுங்கும், உயர்கல்வியில் ஆங்கிலமும் பயன்படுத்தும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உள்ளன. ஆகவே, இங்கு ஆங்கிலம் கற்பவர் ஒரு மொழியிலிருந்து அன்றி இரு மொழிகளிலிருந்து அதனை அணுகுகிறார்.

3. எளிய சொற்களின் கடினம்

'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் கலைச்சொல் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. அதன்பின் எழுந்த சொற்றொகைக் கட்டுப்பாட்டு முயற்சிகள் இவ்வமைப்பின் இயல்பை எதிர்பாராத வகையில் வெளிப்படுத்தின. சி. கே. ஆக்டன் 1930இல் வகுத்த 'பேசிக் இங்கிலீஷ்' 850 சொற்களைக் கொண்டது. அதில் வினைகள் 18 மட்டுமே. பிற வினைகளின் பணியை 'கெட்', 'புட்', 'டேக்', 'கிவ்' முதலியன இடைச்சொற்களுடன் சேர்ந்து ஆற்ற வேண்டியிருந்தது. பட்டியலில் 'புட்' ஒரு சொல், 'அப்' ஒரு சொல். 'புட் அப் வித்' என்பதன் பொருளோ இவற்றுள் எதிலும் இல்லை. சொற்களின் எண்ணிக்கை குறைந்தது; கற்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கை குறையவில்லை. டாக்காவில் பணியாற்றி இந்திய மாணவரின் வாசிப்புச் சிக்கலை நேரில் ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், இத்திட்டத்தைக் கடுமையாகத் திறனாய்ந்தவர்களுள் ஒருவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கற்போர் தொடர்வினையைப் பிழையாக வழங்குவதைக் காட்டிலும், வழங்காமலே தவிர்ப்பது மிகுதி. டகுட், லாஃபர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, ஹீப்ரு மொழியினர் தொடர்வினையை விடுத்து ஒரு சொல் வினையையே விரும்புவதைக் காட்டியது. ஹீப்ருவில் இவ்வமைப்பு இல்லாமையே காரணம் என்று அவர்கள் கருதினர். ஆனால் இவ்வமைப்பு உள்ள டச்சு மொழியினரை ஆராய்ந்த ஹுல்ஸ்டைன், மார்ச்செனா ஆகியோர் (1989), தம் மொழித் தொடரை மிக ஒத்திருக்கும் மரபுத்தொடர்களையும் அவர்கள் ஐயுற்றுத் தவிர்ப்பதைக் கண்டனர். ஒப்புமை இருந்தால் மட்டும் போதாது. அது ஒப்புமைதான் என்று கற்பவருக்கு உறுதிப்படுத்தவும் வேண்டும் என்பது இவ்விரு ஆய்வுகளையும் இணைத்து நோக்குங்கால் புலப்படும்.

4. துணைவினை காட்டும் வழி

தமிழில் வினையெச்சத்தை அடுத்து வரும் விடு, போ, கொள், போடு, வை, தீர், தள்ளு முதலியன தம் சொற்பொருளை இழந்து முன்வினைக்கு முடிவு, தன்பயன், முனைப்பு, வெறுப்பு முதலிய நுண்பொருள்களை ஏற்றுகின்றன. இ. அண்ணாமலை தமிழ் வினை விரிவாக்கம் பற்றி 1985இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. தெலுங்கிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு. 'செய்துகொள்' என்பதற்குத் தெலுங்கில் 'சேசுகோ'. 'சொல்லிவிட்டான்' என்பதற்குச் 'செப்பேசாடு'. பின்னதில் உள்ள துணைவினைக்கு எறிதல், இடுதல் என்பது மூலப்பொருள். 'சொல்லிப்போட்டான்' என்னும் தமிழ் வழக்கோடு இதனை ஒப்பிடலாம்.

இவ்வமைப்பு ஆங்கிலத் தொடர்வினையின் ஒரு வகைக்கு நேர் வழியாகிறது. ஆங்கில 'அப்' பல இடங்களில் மேல்நோக்கிய திசையைக் குறிப்பதில்லை. செயல் முற்றுப்பெற்றதையே குறிக்கிறது. ஏரி 'டிரை அப்' ஆயிற்று என்பதில் நீர் மேலே செல்லவில்லை. தமிழில் 'வற்றிப்போயிற்று', தெலுங்கில் 'எண்டிபோயிந்தி'. அங்கும் எதுவும் எங்கும் போகவில்லை. 'டிரிங்க் அப்' என்பது 'குடித்துவிடு'. 'யூஸ் அப்' என்பது 'தீர்த்துவிடு'. 'போ' நடத்தலைக் குறிக்காதவாறே 'அப்' உயரத்தைக் குறிக்கவில்லை என்று ஒருமுறை விளக்கினால், மாணவர் தம் மொழியில் நாள்தோறும் செய்துவரும் ஒன்றையே ஆங்கிலத்திலும் காண்பார். இரு மொழிகளிலும் ஒரே முறை இருத்தலால் சித்தூர் வட்டார மாணவருக்கு இது இருமடங்கு உறுதியாகிறது.

முழுத் தொடரும் புதுப்பொருள் பெறும் வகைக்கும் சான்றுகள் உள்ளன. 'பார்த்துக்கொள்' என்பதில் பார்த்தல் காத்தலாகிறது. தெலுங்கில் 'சூசுகோ'; ஆங்கிலத்தில் 'லுக் ஆஃப்டர்'. மூன்றிலும் காட்சி வினையே அடிப்படை. காதலர் வீட்டை விட்டுச் செல்வதைத் தமிழ் 'ஓடிப்போ' என்றும், தெலுங்கு எழுதலைக் குறிக்கும் வினையோடு 'லேச்சிபோ' என்றும், ஆங்கிலம் 'ரன் ஆஃப்' என்றும் கூறும். 'தள்ளிப்போடு' என்பதும் 'புட் ஆஃப்' என்பதும் ஏறத்தாழ உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. நேர்முகத் தேர்வுக்குச் சென்ற மாணவருக்கு இவ்வொன்று தெரிந்திருப்பினும் போதும்.

5. வழி நின்றுவிடும் இடங்கள்

இவ்வொப்புமைக்கு எல்லைகள் உண்டு. முதலாவது, 'விடு' வரும் இடமெல்லாம் ஆங்கில இடைச்சொல் வாராது. 'வந்துவிட்டான்' என்பதன் முடிவுப் பொருளை ஆங்கிலம் துணைவினை 'ஹேஸ்' கொண்டு காட்டும். 'அப்' கொண்டு அன்று.

இரண்டாவது, சொல்வரிசை. தமிழ்த் தொடரின் உறுப்புகளுக்கு இடையே பொதுவாக உம், ஏ, தான் போன்ற இடைச்சொற்களே நுழைய இயலும்: 'சொல்லியே விட்டான்', 'சொல்லித்தான் விட்டான்'. செயப்படுபொருள் நுழையாது. ஆங்கிலத்திலோ 'புட் இட் ஆஃப்' என்று பதிலிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும். 'புட் ஆஃப் இட்' என்பது வழு.

மூன்றாவது, இரு மொழிகள் தமக்குள் முரண்படும் மரபுத்தொடர்கள். தமிழில் 'கைகொடுத்தான்' என்றால் உதவினான் என்பது பொருள். தெலுங்குப் பேச்சுவழக்கில் அதற்குச் சொல்லுக்குச் சொல் நேரான 'செய்யிச்சாடு' என்றால் நம்பவைத்துக் கைவிட்டான் என்பது பொருள். ஆங்கிலத்தில் 'கிவ் எ ஹேண்ட்' உதவுதலைக் குறிக்கும். இங்குத் தமிழ் வழி காட்டுகிறது. தெலுங்கு வழி மாற்றுகிறது. வேறொரு தொடரில் இது தலைகீழாகலாம். மரபு என்பது சான்றோர் வழங்கியவாறே வழங்குதல் என்னும் நன்னூலின் கருத்து இத்தகைய இடங்களில் முழுமையாகப் பொருந்துகிறது. காரணம் தேடாது வழக்கை அறிதலே இங்குச் செய்யத்தக்கது.

நான்காவது, இந்திய ஆங்கிலம். 'கோப் வித்' என்பதைக் 'கோப் அப் வித்' என்று விரிப்பது முடிவுப் பொருளை மிகைப்படுத்தியதன் விளைவாகலாம். கல்லூரிப் படிப்பை முடித்தலை இந்திய ஆங்கிலத்தில் 'பாஸ் அவுட்' என்பர். இந்நாட்டு வழக்கில் அதற்குக் குறை கூற இயலாது. ஆயினும் பிற நாட்டார் பலர் அதனை மயங்கி விழுதல் என்றே கொள்வர். ஆதலின், வழு என்று ஒதுக்காமல், எந்த அவையில் எப்பொருள் கொள்ளப்படும் என்று கற்பித்தல் வேண்டும்.

6. கற்பித்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பயன்

மேற்கூறியவற்றால், தொடர்வினைகளை அகரவரிசைப் பட்டியலாக மனனம் செய்விக்கும் முறை பொருத்தமற்றது என்பது தெளிவாகிறது. அவற்றை மூவகையாகப் பிரித்துக் கற்பிக்கலாம். 'கோ அவுட்' போல் திசைப்பொருள் தெளிவாக உள்ளவை செய்கையால் விளங்கும். 'டிரை அப்' போல் முடிவுப்பொருள் தருபவை துணைவினை ஒப்பீட்டால் விளங்கும். 'புட் அப் வித்' போல் முழுத் தொடரும் புதுப்பொருள் பெற்றவற்றைப் 'பொறுத்துக்கொள்' என்பதுபோன்ற முழுத் தொடரோடு இணைத்து, வாக்கியச் சூழலில் வைத்துக் கற்பிக்க வேண்டும். எவ்வகையாயினும், 'போஸ்ட்போன்' என்பதை அறிந்த மாணவருக்கு அதனையே 'புட் ஆஃப்' என்பதன் விளக்கமாகத் தருதல் எளிது.

மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருந்தும். 'லெட் டவுன்' என்பதை ஏமாற்றினான் என ஒரு சொல்லால் பெயர்ப்பதினும் 'கைவிட்டுவிட்டான்' என்பது உரையாடலின் நடைக்கு அணுக்கமானது. ஆங்கிலத் தொடர்வினை பேச்சுச் சாயல் உடையது. அதற்கு வடசொல்லோ தனித்தமிழ்க் கலைச்சொல்லோ தேடுமுன், தமிழின் துணைவினைத் தொடர்களுள் தேடுதல் நன்று.

7. முடிவுரை

தாய்மொழியை ஆங்கில வகுப்பிலிருந்து விலக்குவது கற்றலை விரைவுபடுத்தும் என்னும் கருத்து இன்றும் பரவலாக உள்ளது. தொடர்வினைகளைப் பொறுத்தவரை உண்மை அதற்கு மாறானது. புத்தலப்பட்டில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளரும் மாணவர், சொல் தன் பொருளை இழந்து வேறொரு சொல்லுக்கு வலுவூட்டும் முறையை இருமுறை கற்றவராகவே ஆங்கில வகுப்புக்கு வருகிறார். அவ்வறிவை அவருக்கே எடுத்துக்காட்டுவது ஆசிரியரின் கடமை. அதன் எல்லைகளை வகுத்துத் தருவது மொழியியலாரின் கடமை எனலாம்.