ஜார்ஜ்டவுன்

ஜார்ஜ்டவுன், தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள கயானா நாட்டின் தலைநகரமும் அந்நாட்டின் மிகப்பெரிய நகரமும் ஆகும். டெமரேரா ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. 2012 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் ஏறத்தாழ 1,18,000 பேர் வாழ்ந்தனர். ஆங்கிலமே ஆட்சிமொழி, தெருவிலும் சந்தையிலும் கேட்பது பெரும்பாலும் கிரியோல் மொழி. கரீபியன் சமூகம் எனும் நாடுகள் கூட்டமைப்பின் தலைமைச் செயலகமும் இங்குதான் உள்ளது.

கடலும் மதகும்

நகரின் பெரும்பகுதி கடலின் உயர் ஓத மட்டத்தைவிடத் தாழ்வானது. 1784இல் இதற்கு ஸ்டாப்ரூக் எனப் பெயரிட்ட ஒல்லாந்தர், தம் நாட்டில் செய்ததைப் போலவே சதுப்பு நிலத்தில் வரப்பெடுத்துக் கால்வாய் வெட்டினர். வெட்டிய கைகள் ஆப்பிரிக்க அடிமைகளுடையவை. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1812இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது. 1855இல் கடல் புகுந்து அழிவு ஏற்பட்ட பிறகு கடற்சுவர் கட்டும் பணி தொடங்கியது. மாலையில் மக்கள் காற்று வாங்க வருவதும் அதே சுவருக்குத்தான்.

மழைநீர் வடிய 'கோக்கர்' எனப்படும் மதகுகள் உள்ளன. கடல் வற்றும்போது மதகைத் திறந்து கால்வாய் நீரை வெளியேற்றுவர். ஓதம் ஏறும்முன் அடைத்துவிடுவர். ஆண்டுக்கு இரண்டு மழைக்காலங்கள். ஓதம் ஏறியிருக்கும் வேளையில் பெருமழை பெய்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை. நீரேற்றிகளையே நம்ப வேண்டும். 2005 சனவரியில் தலைநகரும் கிழக்குக் கடற்கரை ஊர்களும் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. வெள்ளம் வடிந்த பின்னும் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. கடல்மட்டம் உயர உயர மதகு திறந்திருக்கும் நேரம் குறையும். அமேசான் ஆறு கொண்டுவரும் வண்டல் மதகு வாய்களை அடைப்பதும், குப்பை கால்வாய்களை அடைப்பதும் சிக்கலைப் பெருக்குகின்றன.

கட்டடங்களும் மக்களும்

தரை ஈரமானதால் பழைய வீடுகள் தூண்களின்மேல் மரத்தால் கட்டப்பட்டவை. புனித ஜார்ஜ் பேராலயம் 43 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரக் கட்டடம். 1892இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இரும்பாலான ஸ்டாப்ரூக் சந்தையின் மணிக்கூண்டு நகரின் அடையாளம்.

ஆப்பிரிக்க, இந்திய, பூர்வகுடி, போர்த்துகீசிய, சீன வழிவந்தோர் இங்கு வாழ்கின்றனர். கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழி வந்தோர் சிலரே. அவர்களின் வழித்தோன்றல்கள் 'மதராசி' என அழைக்கப்படுகின்றனர். பேச்சில் தமிழ் மறைந்துவிட்டது. ஆனால் மாரியம்மன் வழிபாடும் தப்பும் உடுக்கையும் இன்றும் நிலைத்துள்ளன. ஹோலியும் தீபாவளியும் தேசிய விடுமுறைகள். பிப்ரவரி 23 குடியரசு நாளில் 'மஷ்ரமானி' ஊர்வலம் நடைபெறும்.

பொருளாதாரம்

சர்க்கரை, அரிசி, பாக்சைட், தங்கம் ஆகியவற்றின் வணிகமே நீண்ட காலம் நகரை நடத்தியது. 2015இல் கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் ஆழ்கடலில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 2019 திசம்பரில் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் விடுதிகளும் அலுவலகங்களும் பெருகி, வாடகையும் விலைவாசியும் ஏறியுள்ளன. புதிய கட்டடங்கள் எழுவதும் அதே தாழ்நிலத்தில்தான். அவற்றின் மழைநீரும் அதே மதகுகள் வழியாகவே கடலுக்குப் போக வேண்டும்.