சனிக்கிழமைச் சித்தாள்

உத்திரமேரூரிலிருந்து ஒரகடத்துக்கோ செங்கல்பட்டுக்கோ காலை பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர் ஒருவர், வீட்டுச் சுவரைத் தானே பூசிப் பழக ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் கிழமையில் வரும். கட்டட வேலையில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம், ஞாயிறு லீவு. இவருக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் கொத்தனாரும் ஓய்வில் இருப்பார். “ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக் குடுங்கண்ணே” என்று கேட்டால் தலையை ஆட்டுவார், வருவது சந்தேகம்.

அதனால் நீங்கள்தான் அவர் நாளுக்குப் போக வேண்டும். லீவு போட்டு, பூச்சு நடக்கும் இடத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை சித்தாளாக நில்லுங்கள். நாள் சம்பளத்துக்கு நடக்கிற வேலையாகப் பாருங்கள். சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரிக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. அங்கே கற்றுக்கொள்ள வந்தவர் காலில் சிக்குகிற கயிறு. சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்குக் கொத்தனாருக்குத் தனியாகப் பணம் பேசிவிடுவதுதான் மரியாதை.

பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன. எல் அண்ட் டி நிறுவனம் 1995இல் சென்னையில் தொடங்கிய கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் நன்கு அறியப்பட்டது. ஆனால் அதெல்லாம் இந்தத் தொழிலையே பிழைப்பாக எடுக்கும் இளைஞர்களுக்கான முழுநேரப் படிப்பு. மண் கட்டடத்தில் ஆர்வம் இருந்தால், 1989 முதல் இயங்கும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டின் குறுகிய காலப் பயிற்சிக்கு லீவு போட்டுப் போய் வரலாம். சிமெண்ட் பூச்சுக்கு ஊர்க் கொத்தனாரே போதும்.

ஏன் சித்தாள் வேலையில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், பூச்சில் பாதி கலவையிலேயே முடிந்துவிடுகிறது. உள்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து அல்லது ஆறு பங்கு மணல். வெளிச்சுவருக்கு நான்கு, ஐந்து. சட்டியால் அளந்து போடுங்கள், கண்ணளவு அனுபவசாலிக்கு. 100 சதுர அடி உள்சுவரை 12 மில்லிமீட்டர் கனத்தில் பூச 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றும் ஆறு கன அடி மணலும் போதும். தண்ணீர் ஊற்றும் முன் இரண்டையும் நிறம் ஒன்றாகும் வரை புரட்ட வேண்டும். தண்ணீர் அதிகமானால் பூச இலகுவாக இருக்கும். காய்ந்தபின் சுவர் வலைவலையாக வெடிக்கும்.

மணலில் ஏமாறுவது எளிது. உத்திரமேரூரைச் சுற்றிலும் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால் எம் சாண்ட் சுலபமாகக் கிடைக்கும். கான்கிரீட்டுக்கு அது சரி, பூச்சுக்குப் பருமன். பூச்சு மணலுக்கு ஐ.எஸ். 1542 என்று தனித் தரமே உண்டு. அநேகமாக முழுதும் 2.36 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். கடையில் பி சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உள்ளங்கையில் மாவாக ஒட்டினால் தூசி அதிகம், வேண்டாம்.

இன்னொன்றையும் அங்கே நின்றால் பார்ப்பீர்கள். கலவையின் பதத்தைக் கொத்தனாரைவிடத் துல்லியமாகச் சொல்கிற பெண்கள் இருபது வருடமாகச் சட்டி தூக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் கரண்டியை யாரும் கொடுப்பதில்லை. பொழுதுபோக்குக்கு வந்த உங்களுக்கு முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். கலவை விஷயத்தில் அந்த அக்காக்களிடமே கேளுங்கள்.

சிமெண்டுக்கு நேரக் கணக்கு உண்டு. தண்ணீர் பட்டு அரை மணி நேரம் தாண்டினால் இறுகத் தொடங்கலாம். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது பெரிய தப்பு. ஒரு சட்டிக் கலவையைப் பூச அரை நாள் எடுத்துக்கொள்கிற புதியவர் இதில்தான் மாட்டுவார். ஆகவே வார நாள் ராத்திரிகளில் சிமெண்டைத் தொடவே வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து, கொல்லைப்புறச் சுவரில் ஒரு பல்பைத் தொங்கவிட்டுப் பழகுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெள்ள மெள்ளத்தான் இறுகும். அதனால் பூசியதைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, அதே கலவையை மறுநாளும் எடுக்கலாம். கண்ணில் தெறித்தால் ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சிமெண்டுக்கும் கையுறை வேண்டும், கை வெந்துபோனால் மறுநாள் கீபோர்டில் விரல் வைக்க முடியாது.

இனிச் சுவர். முந்தின நாளே நனைத்துவிட்டு, பூசும் முன் மறுபடி தெளியுங்கள். தெளித்ததும் சுர்ரென்று குடித்துவிட்டால் இன்னும் தாகம் இருக்கிறது. பளபளவென்று நீர் நின்றால் சற்றுப் பொறுங்கள். சுவரில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாகக் கலவையில் புள்ளி வைத்து, தூக்குக்குண்டு விட்டு எல்லாப் புள்ளியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இது அலுப்பான வேலை, தாண்டக்கூடாத வேலையும் இதுதான். பிறகு கரண்டியில் கலவையை எடுத்து மணிக்கட்டைச் சுண்டி அடியுங்கள். தடவினால் பின்னால் காற்று தங்கும், அடித்தால்தான் பிடிக்கும். புள்ளிகளின் மேல் மட்டப்பலகையை வைத்து, கீழிருந்து மேலாக இடமும் வலமும் அசைத்து இழுங்கள்.

அடுத்து மணியாஸ் கட்டை என்ற தேய்ப்புப் பலகையால் தேய்ப்பது. எப்போது தேய்ப்பது என்பதுதான் தொழில் ரகசியம். விரலால் அழுத்திப் பாருங்கள். விரலில் கலவை ஒட்டினால் நேரம் ஆகவில்லை, கட்டை பூச்சையே பிடுங்கிவிடும். விரல் பதியவே இல்லை என்றால் தாமதம், மணல்தான் உதிரும். லேசாகப் பதிந்து, விரல் சுத்தமாக வெளிவரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வட்டமாகத் தேய்த்து முடிக்க வேண்டும். வழுவழுப்புக்காக வறட்டு சிமெண்டைத் தூவும் வழக்கம் உண்டு, செய்யாதீர்கள். மேல்தோல் மட்டும் சுருங்கி மயிரிழை வெடிப்புகள் வரும்.

முதல் சுவர் எது? மாட்டுக் கொட்டகை, சுற்றுச்சுவரின் உள்பக்கம், இடுப்பளவு திண்ணைச் சுவர். சீலிங்கும் சாரம் ஏறும் வேலையும் கொத்தனாருக்கே. சொந்த மனையில் வீடு கட்டியிருந்தால்தான் ஊர்ச் சபைத் தேர்தலின் குடவோலையில் பெயர் எழுதுவோம் என்று 919லும் 921லும் கல்வெட்டில் வெட்டிவைத்த ஊர் உத்திரமேரூர். ஹாலில் கோணல் சுவரோடு குடியிருப்பதை உறவுக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள்.

பூசிய மறுநாள் தொடங்கிக் குறைந்தது ஏழு நாள் சுவர் ஈரமாக இருக்க வேண்டும். காலை பஸ்ஸுக்கு முன் ஒரு முறை, திரும்பி வந்ததும் ஒரு முறை நீங்களே அடித்துவிடலாம். நடுப்பகல் வெயிலுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளிச்சுவரைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆகாது. தையும் மாசியும் புதியவருக்குத் தோதான மாதங்கள்.

சில வாரம் கழித்து ஒரு நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். எங்காவது பொள்ளலாக ஒலித்தால் அங்கே பூச்சு செங்கல்லைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, செங்கல்லைக் கொத்தி, நனைத்து, சிமெண்ட் பால் தடவி மறுபடி பூசுங்கள்.