எக்ஸ்ரேயில் நிழல் என்று கணினி சொன்னால்…

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் சிட்லபாக்கம். மேற்கே ஜிஎஸ்டி சாலையைத் தாண்டினால் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் இது. பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. நோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவைதான் அங்கே வைத்தியம். அந்தப் பெயரே ரயில் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது.

ஆகவே இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு டிபி என்ற சொல் புதிதல்ல. நெஞ்சு எக்ஸ்ரேயைப் படிக்கிற செயற்கை நுண்ணறிவுதான் புதிது. மத்திய அரசு 2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகளோடு இந்த மென்பொருளும் களத்துக்குப் போனது.

இருமல் வந்தவர்களைச் சோதித்தால் போதாதா, எல்லோருக்கும் எதற்குப் படம் என்று கேட்கலாம். பதில் சென்னையிலேயே இருக்கிறது. சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால், அதில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். இருமலே இல்லாமல் ஒருவர் நோயோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

படம் எடுப்பது சுலபம். படிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. முகாமில் எடுத்த படங்கள் கதிரியக்க மருத்துவரின் மேசைக்குப் போய் முடிவு வருவதற்குள், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளி அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அந்த இடைவெளியைத்தான் மென்பொருள் அடைக்கிறது.

முகாமில் நடப்பது இதுதான். பெரிய கேமரா போன்ற கருவி முதுகுக்குப் பின்னால் இருக்கும். நெஞ்சைத் தட்டையான பலகையோடு ஒட்டி நிற்கச் சொல்வார்கள். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்பார் டெக்னீஷியன். ஓரிரு நிமிடத்தில் மடிக்கணினித் திரையில் நுரையீரல் தெரியும். சந்தேகமான இடத்தில் வண்ணத் திட்டு விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரு மதிப்பெண் இருக்கும்.

இந்த மதிப்பெண்ணைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 80 என்று வந்தால் டிபி இருக்க 80 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமில்லை. ஏராளமான பழைய படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், நோயாளிகளின் படங்களோடு இந்தப் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று போடும் கணக்கு அது. எத்தனைக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்ற கோட்டை மனிதர்கள்தான் போடுகிறார்கள். கோட்டைக் கீழே இறக்கினால் நோயாளிகள் விட்டுப்போவது குறையும், ஆனால் வீணான சோதனைகள் பெருகும். மேலே ஏற்றினால் செலவு குறையும், சில நோயாளிகள் விட்டுப்போவார்கள். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பொருந்தும் கோடு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இது தொழில்நுட்ப வல்லுநர்கள் மட்டும் எடுக்கக்கூடிய முடிவல்ல. அந்த ஊரில் எவ்வளவு நோய் இருக்கிறது, சோதனைக்கு எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

டாக்காவில் ஏறத்தாழ 24,000 பேரின் படங்களை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. அதில் ஒப்பிட்ட ஐந்து மென்பொருள்களும் அங்கிருந்த கதிரியக்க மருத்துவர்களைவிடச் சிறப்பாகவே செயல்பட்டன. சளிப் பரிசோதனைகளைப் பாதியாகக் குறைத்தாலும் நோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட முடியும் என்றும் தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: 60 வயதைத் தாண்டியவர்களிடமும் முன்பே டிபி வந்து போனவர்களிடமும் ஐந்துமே சறுக்கின. ஆறிய புண்ணின் தழும்பையும் புதிய நோயையும் பிரித்துப் பார்ப்பது அவற்றுக்குக் கடினம். ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் வாழும் சிட்லபாக்கம், சேலையூர் போன்ற பகுதிகளில் இதை மனத்தில் வைத்தே முகாம் நடத்த வேண்டும்.

2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் முதற்கட்ட வடிகட்டலுக்கு, படம் படிக்கும் மனிதருக்குப் பதிலாக இம்மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. வடிகட்டலுக்கு மட்டும்தான். நோய் என்று உறுதிசெய்வது ட்ரூநாட், சிபிநாட் போன்ற சளிப் பரிசோதனைகளின் வேலை. அவை கிருமியின் மரபணுவையே தேடுகின்றன, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் சொல்லிவிடுகின்றன.

கண்டுபிடித்த பிறகுதான் பெரிய வேலையே தொடங்குகிறது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' எனக்கு இந்த மென்பொருளைவிட முக்கியமாகப் படுகிறது. நோய் உறுதியான உடனே உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். நிலைமை மோசமென்றால் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். எடை பார்க்கும் கருவியும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், அக்கறையுள்ள ஒரு சுகாதாரப் பணியாளரும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். இந்த விவரங்களைக் கொண்டு நோயாளிக்கு இறப்பு அபாயம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் வசதி 2025-இல் அத்திட்டத்தின் செயலியில் சேர்க்கப்பட்டது. அதை உருவாக்கியதும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம்தான்.

இதே நகரத்தில் 1950-களில் நடந்த ஆய்வு, மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே காசநோய் குணமாகும், சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை என்று 1959-இல் உலகுக்குச் சொன்னது. மாத்திரை ஒழுங்காக வீடு சேர்ந்ததா என்று பார்க்க ஆட்கள் இருந்ததால்தான் அது பலித்தது. இன்றைய மென்பொருளுக்கும் அந்த ஆட்கள் வேண்டும். படிக்க மருத்துவரே இல்லாத இடத்துக்கு மென்பொருள் வருவதை வரவேற்கிறேன். அதைக் காட்டி மருத்துவர் பணியிடங்களைக் காலியாக விட்டால் எதிர்க்க வேண்டும்.

முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் நிழல் என்றால் பதற வேண்டாம், சளி கொடுங்கள். படம் சுத்தமாக இருக்கிறது என்று வந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் விடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்தான உணவுக்காக வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் என்றிருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியிருக்கிறது. முன்பு எப்போதாவது நெஞ்சுப் படம் எடுத்திருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். தழும்பு பழையதா புதியதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.