கடற்கரை நகருக்குச் செல்ல ஏற்ற பருவம்

மைசூரு நகரின் அக்ரஹாரப் பகுதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் அமைந்த பீடபூமியைச் சேர்ந்தது. அங்குள்ள ஆசிரியர் ஒருவர், கடலையே கண்டிராத தம் மாணவர்களுக்குக் கடலைக் காட்ட விரும்பினால் இரு நகரங்கள் உள்ளன: மேற்கே மங்களூரு, கிழக்கே சென்னை. இரண்டும் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் அமைந்தவை. ஆயினும் அவற்றின் மழைக்காலங்கள் வெவ்வேறானவை.

தென்மேற்குப் பருவக்காற்று சூன் மாதத் தொடக்கத்தில் அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுத்து மேலெழுப்புவதால் ஈரம் குளிர்ந்து மழையாகிறது. மங்களூரு ஆண்டுதோறும் பெறும் 3,500 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழையின் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடுகிறது. மலையைக் கடந்த காற்று வறண்டு போகின்றமையால் அக்காலத்தில் சென்னைக்குக் கிட்டும் மழை குறைவே. அக்டோபர் பிற்பகுதியில் காற்றின் திசை மாறுகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்று சென்னைக்கு மழை தருகிறது. அந்நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வதாகும்.

பள்ளிகளுக்கு நீண்ட ஓய்வு கிடைப்பது கோடையிலும் தசராவிலுமே. இவ்விரண்டும் சென்னைக்கு ஏற்ற காலங்கள் அல்ல. மே மாதத்தில் நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசி வெப்பத்தைத் தணிக்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று பிந்தும். வெப்பம் கடுமையாக உயரும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவாயிற்று.

அக்டோபரில் வெயில் தணிந்துவிடும் என எண்ணுவதும் தவறு. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படையின் சாகசக் காட்சியைக் காணப் பெருந்திரளாகக் கூடியவர்களுள் ஐவர் வெயிலின் கொடுமையால் உயிரிழந்தனர். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாமற் போகிறது. ஆதலால் மைசூருவில் தாங்கக்கூடிய அதே வெப்பநிலை கடற்கரையில் துன்பம் தருகிறது.

டிசம்பர் முற்பகுதியும் நம்பத்தக்கதன்று. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையால் அடையாற்றின் கரைப்பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைக் கடந்ததாயினும், அதற்கு முன்னரே சென்னையில் வெள்ளத்தை விளைவித்தது.

எனவே சனவரி, பிப்ரவரி மாதங்களே சென்னைக்குச் சிறந்தவை. சனவரியில் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியும், இரவு வெப்பம் 21 பாகையை ஒட்டியும் நிற்கும். வேடந்தாங்கலிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் வலசைப் பறவைகளைக் காணலாம். சிற்றாமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இக்காலத்திலேயே. மங்களூருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. நீண்ட விடுமுறைக்குக் காத்திராமல், சனவரியில் இரண்டு மூன்று நாட்களை ஒதுக்குதலே பயன் தரும்.

பருவம் நன்றாயினும் கடல் எப்போதும் எச்சரிக்கைக்கு உரியது. மெரினாவில் நீரோட்டம் வலியது. அங்கு மாணவர்களை நீரில் இறங்க விடலாகாது. புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பைப் பார்த்தல் வேண்டும்.

இப்பயணத்தைப் பாடமாகவும் ஆக்கலாம். ஒரே வகையான இரு வெப்பமானிகளில் ஒன்றன் குமிழை ஈரத்துணியால் சுற்றி, இரண்டின் அளவுகளையும் முதலில் அக்ரஹாரத்திலும் பின்னர் கடற்கரையிலும் மாணவர் குறித்து வருவாராக. கடற்கரையில் அவ்விரு அளவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு குறைந்திருக்கக் காண்பர். கடற்கரையில் வியர்வை உலராமைக்குரிய காரணத்தை அப்போது அவர்களே கூறுவர்.